காணி தேடப் புகுவோர்க்கு

எமது மக்களுக்குக் காணியின்மீதுள்ள பற்று யாவரும் அறிந்ததே. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் நாடிச் சென்ற யாழ்ப்பாணத்தார், தாம் மிச்சம் பிடித்த பணத்தை ஊருக்கு அனுப்பிக் காணியும் கல்வீடும் ஆக்கினர். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்போணிலும் வாழ்வோரும் அவ்வாறே செய்ய விரும்புகின்றனர். கொழும்பிலே தொழில் புரியும் இளைஞர், முதற் சில ஆண்டுகளின் சேமிப்பைக் கொண்டு ஊரில் ஒரு துண்டு நிலமேனும் வாங்கிவிட வேண்டும் என எண்ணுகின்றனர். எண்ணம் நல்லதே. ஆயின், ஒரு கூறைச்சேலை எடுக்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் விழுங்கும் காணியை ஒரு தரகரின் சொல்லையும் ஒரு மாலைப்பொழுதின் பார்வையையும் நம்பி வாங்கத் துணிகின்றோம். அத்துணிவின் பயனை நீதிமன்றங்களில் நெடுங்காலம் நிலுவையிற் கிடக்கும் காணி வழக்குகள் காட்டும்.

இம்மலரைப் படிப்போருள் முதன்முதலாகக் காணியிற் பணத்தை இட எண்ணியிருப்போர் பலர் இருப்பர். அவர்பொருட்டுச் சில அடிப்படைச் செய்திகளை ஒழுங்காகக் கூறுதலே எமது நோக்கம். சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனைக்கு இக்கட்டுரை ஈடாகாது. ஆயினும், அவரிடம் எவற்றைக் கேட்கவேண்டும் என்பதை அறிந்து செல்வோர்க்கும் அறியாது செல்வோர்க்கும் வேறுபாடு பெரிது. நாம் கூறப்போவனவற்றின் சாரம் இது: காணி வாங்குவோர் பெறுவது மண்ணன்று, மண்ணின்மீது விற்பவருக்குள்ள உரித்தே. அவ்வுரித்து எவ்வளவோ, அவ்வளவே அவர்க்குக் கிடைக்கும்.

உறுதியும் உரித்தும்

இலங்கையில் அசைவற்ற ஆதனத்தை விற்றல், ஈடு வைத்தல், நன்கொடையாக அளித்தல் ஆகியன எழுத்தில் அமைந்து, பிரசித்த நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் விதி. விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இவ்விதி உண்டு என்பதைப் பலர் அறியார். அச்சவாரமாகச் சில இலட்சம் ரூபாவைக் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையொப்பம் பெற்றுவிட்டால் காணி தமக்கே உறுதியாயிற்று என நம்புகின்றனர். அத்தாளைக் காட்டி, காணியை எழுதித் தருமாறு விற்பவரை நீதிமன்றம் மூலம் வற்புறுத்த இயலாது. ஆகலின் முற்பணம் கொடுப்பதாயின் உடன்படிக்கையையும் நொத்தாரிசு மூலமே செய்தல் வேண்டும்.

உறுதி முடிந்தவுடன் அது காணிப் பதிவகத்திற் பதியப்பட வேண்டும். இப்பதிவு 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி நிகழ்வது. அதன் தன்மையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒருவர் தம் காணியைத் தை மாதத்தில் ஒருவருக்கு விற்கின்றார். வாங்கியவர் உறுதியைப் பதியாது பெட்டியில் வைத்துவிடுகின்றார். அதே காணியை விற்றவர் மாசி மாதத்தில் வேறொருவருக்கு விற்க, அவர் உடனே பதிந்துவிடுகின்றார். மோசடியோ கூட்டுச் சதியோ இருந்ததென நிறுவப்பட்டாலன்றி, முந்திப் பதிந்த பின்னவரின் உறுதியே மேலோங்கும். முந்தி வாங்கியவர் தம் பெட்டியைத் திறந்து பார்த்து வருந்த வேண்டியதுதான்.

ஆயின் பதிவு என்பது உரித்துக்கு அரசாங்கம் கொடுக்கும் உத்தரவாதம் அன்று. எமது பதிவகம் பதிவது ஆவணத்தையே. ஆவணம் எழுதியவருக்கு உண்மையில் உரித்திருந்ததா என அது ஆராய்வதில்லை. காணியில் ஒரு மண்ணும் இல்லாத ஒருவர் எழுதிய உறுதியும் பதிவேட்டில் இடம்பெறக்கூடும். இக்குறையை நீக்கவே 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 2007ஆம் ஆண்டு தொடங்கிய பிம்சவிய என்னும் திட்டத்தின்கீழ், காணிகளை அளந்து, உரித்தை ஆராய்ந்து, உரித்துச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. அத்திட்டம் இன்னும் நாடு முழுவதும் பரவவில்லை. ஆகவே பெரும்பாலான இடங்களில் உரித்தை ஆராயும் பொறுப்பு வாங்குவோர் தலையிலேயே உள்ளது.

உறுதியை வாசிக்கும் முறை

உரித்தை ஆராய்தல் என்பது ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தல் போன்றது. இன்று விற்பவருக்கு இக்காணி எவ்வாறு வந்தது? அவருக்குக் கொடுத்தவருக்கு எவ்வாறு வந்தது? இவ்வாறு முப்பது ஆண்டுகளுக்கேனும் பின்செல்லுதல் வழக்கம். அதற்கு மேலுஞ் செல்லுதல் நன்று. ஒவ்வோர் உறுதியும் மூன்று பிரதிகளாக எழுதப்படும். மூலம் காணியைப் பெற்றவரிடமும், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்திலும், மற்றது நொத்தாரிசின் சாதனக் கட்டிலும் இருக்கும். போரிலும் இடப்பெயர்விலும் மூல உறுதியை இழந்தோர், பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற முயலலாம். விற்பவர் ஒளிப்படப் பிரதியை மட்டும் காட்டி மூலம் எங்கோ இருக்கின்றது என்பாராயின், அது எங்கே இருக்கின்றது என்பதை அறியாமல் ஒரு சதமும் கொடுத்தல் ஆகாது. மூலம் யாரிடமேனும் கடனுக்கு ஈடாக இருத்தலும் கூடும்.

உறுதியின் இறுதியில் அட்டவணை எனப்படும் பகுதி உண்டு. அதுவே உறுதியின் உயிர். அதில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலிருந்து வழிவழியாக வரும் காணியின் பெயர், அதன் பரப்பளவு, நாற்றிசை எல்லைகள், கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் உரித்து ஆகியன கூறப்பட்டிருக்கும். இவற்றுள் ஒவ்வொரு சொல்லும் பணமதிப்பு உடையது. கிணறு தம் வேலிக்குள் இருப்பினும் உறுதியில் அதன் அரைப்பங்கே எழுதப்பட்டிருந்தால், மற்ற அரைப்பங்குக்காரர் தண்ணீர் அள்ள வருதலைத் தடுக்க இயலாது. ஒழுங்கையால் நாம் இன்று நடந்து செல்கின்றோம் என்பதாற் போதாது. அவ்வழியிற் செல்லும் உரித்து உறுதியில் உளதா எனப் பார்த்தல் வேண்டும். வழியில்லாத காணியைக் குறைந்த விலைக்கு வாங்கியவர், பின் அயலவரிடம் வழி கேட்டுக் கொடுக்கும் விலை, மிச்சம் பிடித்த பணத்திலும் மேலாதல் உண்டு.

அளவையும் கவனித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஓர் ஏக்கர் 160 பேர்ச் ஆதலின் ஒரு பரப்பு 10 பேர்ச் ஆகும். பழைய உறுதிகளில் நெல் விளையும் நிலத்துக்கும் வரகு விளையும் நிலத்துக்கும் பரப்புக் கணக்கு வேறுபட்டிருந்தமையால், உறுதியிலுள்ள எண்ணை மட்டும் கொண்டு விலை பேசலாகாது. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளப்பித்து, புதிய வரைபடத்தின் அளவுக்கே விலை பேசுதல் முறை. உறுதியில் நான்கு பரப்பு என்றிருக்க, வேலிக்குள் மூன்றரையே இருத்தல் புதுமையன்று. வேலி ஆண்டுக்கு ஒரு சாண் நகரும் என முதியோர் வேடிக்கையாகக் கூறுவர். முப்பது ஆண்டிலே அவ்வேடிக்கை பேர்ச் கணக்காகிவிடும்.

தேசவழமை கேட்கும் கேள்விகள்

வட மாகாணத்துக் காணிகளை வாங்குவோர் தேசவழமையை மறத்தல் ஆகாது. ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் யாழ்ப்பாணத்துத் திசாவை எம்மவரின் வழக்கங்களைத் தொகுத்தார். 1707ஆம் ஆண்டிற் பன்னிரண்டு முதலிமார் அத்தொகுப்பைப் பார்த்து ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர். பின்னர் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டமும் 1947ஆம் ஆண்டின் திருத்தமும் வந்தன. இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. இன்றும் உறுதியொன்றை நிலைநிறுத்தவோ கவிழ்க்கவோ வல்லன.

விற்பவர் மணமானவராயின் அக்காணி முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா எனக் கேட்டல் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியைத் தன் வாழ்நாளில் விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அச்சட்டம் பெண்ணுக்கு நீதி செய்கின்றதா என்பது நெடுங்காலமாக வாதிக்கப்படும் பொருள். ஆயின் அது திருத்தப்படும்வரை, அச்சம்மதமின்றி எழுதிய உறுதியை வாங்கியவரே இடர்ப்படுவர். தேடியதேட்டம் எனில், ஒருவர் பெயரில் உறுதி இருப்பினும் மற்றவரின் உரித்து அதனுட் புதைந்திருக்கும். உரித்தாளருள் ஒருவர் இறந்திருந்தால், அவர் பங்கு யார் யாருக்குச் சென்றது, மரணசாதன வழக்கு வேண்டியிருந்ததா, அது முடிந்ததா என்பன ஆராயப்பட வேண்டும்.

அடுத்தது முற்கொள்வனவு உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட காணியில் ஒருவர் தம் பங்கைப் பிறருக்கு விற்குமுன், கூட்டுப் பங்காளருக்கும், அவர் மரணசாதனம் எழுதாது இறப்பின் உரித்தாளர் ஆகக்கூடியோருக்கும், அதனை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. சட்டம் விதித்த முறைப்படி அவர்களுக்கு அறிவித்தல் கொடாது விற்றால், அவர்கள் வழக்குத் தொடுத்துக் காணியைத் தம்பக்கம் எடுத்துக்கொள்ளலாம். அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை, ஆகவே தம்பிக்குச் சொல்லத் தேவையில்லை என விற்பவர் கூறுவாராயின், அத்தம்பியையே முதலிற் காணச் செல்லுதல் வாங்குவோர்க்கு நன்று.

பிரிவுபடாத பங்கை வாங்குதலும் தொடக்கக்காரருக்கு ஏற்றதன்று. பதினாறு பரப்பில் எட்டிலொரு பங்கு என்பது, இரண்டு பரப்புத் துண்டொன்றைச் சுட்டிக் காட்டாது. காணியின் ஒவ்வொரு குழியிலும் எட்டிலொன்று என்பதே அதன் பொருள். அதனைப் பிரித்தெடுக்கப் பங்காளர் யாவரும் ஒப்பும் பிரிவினை உறுதி வேண்டும். ஒப்பாவிடின் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கு வேண்டும். அவ்வழக்கு முடியுமுன் வாங்கியவரின் தலைமயிர் நரைத்தலும் உண்டு.

இனி ஒத்தியும் சீவியவுரித்தும். ஒத்திக்குக் காணியைக் கொடுத்தவர், கடனை மீட்கும்வரை விளைவை ஒத்திக்காரர் அனுபவிக்க விட்டிருப்பர். அதனை மீட்காது வாங்கினால் விளைவு வாங்கியவருக்கு வாராது. பிள்ளைக்கு நன்கொடை எழுதிய பெற்றோர் தமக்குச் சீவியவுரித்தை ஒதுக்கி வைத்திருத்தல் எம்மிடையே பெருவழக்கு. அப்பிள்ளை விற்றாலும், பெற்றோர் இருக்கும்வரை காணியின் பயன் அவருடையதே. அவரும் உறுதியிற் சேர்ந்து ஒப்பமிடுகின்றாரா எனப் பார்த்தல் வேண்டும்.

விலை குறைந்த காணிகள்

சந்தை விலையிற் பாதிக்குக் கிடைக்கும் காணிக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். வன்னியிலும் பிற குடியேற்றப் பகுதிகளிலும் உள்ள காணிகளுட் பல 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ கொடுக்கப்பட்டவை. அவற்றைத் தனியார் உறுதிக் காணிபோல் விற்றல் இயலாது. பிரதேச செயலாளரின் முன்சம்மதம் வேண்டும். பெர்மிட் காணியை ஒரு கடதாசியில் எழுதி வாங்கி அதில் வீடும் கட்டியவருக்குச் சட்டத்தின் கண்ணில் உரித்து ஒன்றும் இல்லை.

வயற்காணியை வாங்கி மண் நிரப்பி வீடு கட்டலாம் என எண்ணுவோர், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தை அறிதல் வேண்டும். கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும். கடலோரக் காணியை விரும்புவோர், சராசரி உயர் நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆட்சி உண்டென்பதையும், அங்கே கட்டடங் கட்ட அனுமதி வேண்டுமென்பதையும் நினைவிற் கொள்க. கோயிலுக்கோ மடத்துக்கோ தருமசாதனமாக எழுதப்பட்ட காணி தருமத்துக்குரியது. அதனைப் பராமரிக்கும் உரிமையுடையவர், தம் சொந்தக் காணிபோல் விற்கும் உரிமையுடையவர் ஆகார்.

நிலத்துக்குச் செல்லுதல்

பதிவேட்டைப் பார்த்தபின் நிலத்தைப் பார்த்தல் வேண்டும். அங்கே யார் இருக்கின்றார்? தேங்காயும் பனங்கிழங்கும் யாருக்குச் செல்கின்றன? வேலியை யார் அடைக்கின்றார்? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒருவர் உரிமையாளருக்கு எதிராக, இடையூறும் இடையறவும் இன்றிப் பத்தாண்டு காணியை ஆண்டிருப்பின், ஆட்சியுரிமை கோரலாம். வாடகைக்கோ தயவுக்கோ இருப்பவருக்கு இது பொருந்தாது. கூட்டுப் பங்காளர் ஒருவரின் ஆட்சியும் பொதுவாக ஏனைய பங்காளரின் ஆட்சியாகவே கருதப்படும். போர்க்காலத்திலே தம் காணிக்குத் திரும்ப இயலாது இருந்தோரின் துயரைக் கருதி, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம்பற்றி அவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்தது.

ஆட்சியுறுதி என்பதையும் இங்கே விளக்குதல் தகும். நான் இக்காணியைப் பத்தாண்டுக்கு மேலாக ஆண்டு வருகின்றேன் என ஒருவர் தாமே நொத்தாரிசு முன் எழுதுவித்துப் பதிந்த கூற்றே அது. ஒருவர் தம்மைப்பற்றித் தாமே கூறிய சாட்சியம் உரித்தாகிவிடாது. ஆட்சியுரிமையை முடிவாக உரைக்க வல்லது நீதிமன்றமே. உரித்துத் தொடரின் அடியில் ஓர் ஆட்சியுறுதி மட்டுமே நிற்குமாயின், அதற்குமுன் அக்காணி யாருடையதாயிருந்தது எனத் தேடாது வாங்கலாகாது. இடம்பெயர்ந்து வெளிநாடு சென்ற ஒரு குடும்பத்தின் காணியாக அது இருத்தலும் கூடும்.

தண்ணீரையும் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர், சுண்ணாம்புக்கல்லினுள் மழையாற் சேர்ந்த நன்னீரே. மிகுதியாக இறைத்தால் கீழிருந்து உவர்நீர் ஏறும். மாரியில் இனிக்கும் கிணறு கோடையிற் கைத்தல் உண்டு. ஆகலின் ஆவணி, புரட்டாதி மாதங்களில் நீரைச் சுவைத்தும் சோதிப்பித்தும் பார்ப்பது அறிவு. மாரியிற் சென்று, வெள்ளம் எவ்வளவு நாள் நிற்கின்றது எனப் பார்த்தலும் வேண்டும். அயல்வீட்டு முதியவரோடு அரைமணி நேரம் பேசினால், தரகர் மறைத்த பலவும் வெளிவரும்.

பிறநாட்டில் வாழ்வோர்

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பழைய மாணவர் ஒரு சட்டத்தைக் கட்டாயம் அறிதல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பராதீன மட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டவருக்கு இலங்கைக் காணியின் உடைமையை மாற்றுவதைத் தடுக்கின்றது. தடையை மீறி எழுதிய உறுதி வெற்றுறுதியே. பிறந்த மண் என்பதால் விலக்கு வந்துவிடாது. இரட்டைக் குடியுரிமை பெற்றோருக்குத் தடையில்லை. தொடர்மாடிக் கட்டட வீடுகள் பற்றியும், நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாக வரும் காணி பற்றியும் விலக்குண்டு. தடைக்கு உட்பட்டோர் தம் பணத்தைக் கொண்டு உறவினர் பெயரில் வாங்குவதும் உண்டு. அவ்வாறு வாங்கிய காணி சட்டப்படி உறவினருடையதே; பணம் நம்முடையது என்பதை நிறுவப் புகுந்தால், உறவும் பணமும் ஒருங்கே போதல் கூடும்.

நேரில் வர இயலாதோர் அற்றோணித் தத்துவம் கொடுத்துக் காரியம் பார்ப்பர். எல்லாக் காணிகளையும் எக்காலத்தும் விற்கவும் வாங்கவும் எனப் பொதுவாக எழுதிக் கொடாது, இன்ன காணி, இன்ன காரியம் எனக் குறித்துச் சிறப்புத் தத்துவமாகக் கொடுத்தல் நன்று. கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் இறந்துபடும். அதன்பின் அதனைக் கொண்டு எழுதும் உறுதி நில்லாது. வாங்குவோரும் ஆதலின், தத்துவம் கொடுத்தவர் உயிரோடிருக்கின்றாரா, அவரோடு நேரிற் பேச இயலுமா என அறிதல் வேண்டும். தூரத்தில் வாழும் உரிமையாளர் தம் காணிமீது எவ்வுறுதியேனும் பதிவுக்கு வந்தால் தமக்கு அறிவிக்குமாறு, பதிவகத்தில் முன்னெச்சரிக்கை அறிவித்தல் ஒன்றை இட்டுவைக்கச் சட்டம் இடங்கொடுக்கின்றது. கள்ள உறுதிகளைத் தடுக்க இஃது எளிய காவல்.

கணக்கு

உரித்து நல்லதென்று கண்டபின்னரே கணக்கு. எண்ணிப் பார்க்கும் பொருட்டு ஒரு காணியின் விலை ஐம்பது இலட்சம் ரூபா எனக் கொள்வோம். விற்பனை உறுதிக்கு மாகாண முத்திரைத் தீர்வையாக முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று வீதமும் மிகுதிக்கு நூற்றுக்கு நான்கு வீதமும் அறவிடுதல் வழக்கம். அவ்வாறாயின் 3,000 ரூபாவும் 196,000 ரூபாவுமாக 199,000 ரூபா தீர்வைக்கே செல்லும். நொத்தாரிசு கட்டணம், அளவைக் கூலி, தரகு, வேலி ஆகியவற்றைச் சேர்த்தால், வாங்கிய அன்றே காணி சில இலட்சம் கூடிய விலையாகிவிடுகின்றது. விற்கும்போதும் ஒரு செலவு உண்டு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தின்படி, 2018 ஏப்பிரல் 1 முதல் காணி விற்று வரும் மூலதன ஆதாயத்துக்கு வரி உண்டு. விற்கும் காலத்தில் நடப்பிலுள்ள வீதத்தைக் கேட்டறிக.

வெறுங்காணி வளர்கின்றது என்பது பொதுவான நம்பிக்கை. அதே ஐம்பது இலட்சம் நூற்றுக்கு எட்டு வட்டியில், வட்டியும் முதலோடு சேர, வங்கியில் இருப்பின் ஒன்பது ஆண்டில் இரட்டிக்கும். ஆகவே ஒன்பது ஆண்டில் இரட்டிக்காத வெறுங்காணி, அவ்வட்டிக் காலத்தில் வங்கியிலும் பின்தங்கியதே. வீட்டுடன் வாங்குவோரும் இவ்வாறே கணித்தல் வேண்டும். ஒரு கோடி ரூபா வீடு மாதம் 30,000 ரூபா வாடகை தருமாயின், ஆண்டு வருமானம் 360,000 ரூபா. அது நூற்றுக்கு மூன்றரைக்குச் சற்று மேல். திருத்த வேலைக்கும், ஆதனவரிக்கும், ஆள் இல்லாத மாதத்துக்கும் ஒதுக்கினால் இன்னுங் குறையும். வாடகையை நம்பி வாங்குவது வேறு, விலை ஏறுமென நம்பி வாங்குவது வேறு. தாம் எதை நம்புகின்றோம் என்பதை வாங்குமுன் எழுதி வைத்தல் நன்று.

கடன் பற்றி ஒரு சொல். முப்பது இலட்சம் ரூபாவை நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியிற் பதினைந்து ஆண்டுக்குக் கடன் பெற்றால் மாதத் தவணை சுமார் 36,000 ரூபா. மாறும் வட்டியாக எழுதிய அக்கடனுக்கு வட்டி இரட்டித்தால், தவணை ஏறத்தாழ 61,700 ரூபா ஆகும். இது வெறுங் கற்பனை அன்று. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதை நாம் கண்டோம். அவ்வாறு உயர்ந்த தவணையையும் சம்பளம் தாங்குமா எனப் பார்த்தே தொடக்கக்காரர் கடனில் இறங்கவேண்டும். பணமுடை வந்த வேளையில் காணியை மறுநாளே காசாக்க இயலாது. அவசரத்துக்கு விற்பவரிடம் விலை பேசுவோர் எப்போதும் பிறரே.

எங்கே தொடங்குவது?

இவற்றையெல்லாம் படித்தபின், காணியே வேண்டாம் எனச் சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு கூறவில்லை. நல்ல உரித்தும் நல்ல வழியும் நல்ல தண்ணீரும் உள்ள காணி, பொறுமையோடு வைத்திருப்பவரைப் பெரும்பாலும் கைவிடுவதில்லை. ஆயின் தொடக்கக்காரர் பலருக்குத் தக்க முதல் முதலீடு, புதிதாக வாங்கும் காணியில் இல்லை. தம் குடும்பத்தில் ஏற்கெனவே உள்ள காணியிலேயே உண்டு என்பது எமது துணிபு.

எம்முள் எத்தனை குடும்பங்களில் பாட்டனார் பெயரிலேயே இன்னும் உறுதி கிடக்கின்றது! மூன்று தலைமுறைக்குப் பங்கு பிரியாது, ஐந்து நாடுகளிற் பதினெட்டுப் பேருக்கு உரித்தாகி, ஒருவரும் வேலி அடையாது, பற்றை மண்டிக் கிடக்கும் வளவுகள் எத்தனை! அவற்றை விற்கவும் இயலாது, கட்டவும் இயலாது, ஈடு வைத்துக் கடன் பெறவும் இயலாது. அத்தகைய காணியொன்றின் உரித்தைச் செம்மைப்படுத்த ஆகும் செலவு, புதுக்காணியின் முத்திரைத் தீர்வையிலும் குறைவாதல் கூடும். அதனால் உண்டாகும் பயனோ முழுக்காணியின் பெறுமதி.

அதற்குச் செய்ய வேண்டியன இவை. முதலிற் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைக. யார் யாரை மணந்தார், யார் எப்போது இறந்தார் எனக் குறிக்க. அதற்கான பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளைச் சேர்க்க. பெட்டகத்திலுள்ள உறுதிகளை ஆண்டு வரிசைப்படி அடுக்குக. இல்லாதவற்றுக்குப் பதிவகத்திற் பிரதி பெறுக. நில அளவையாளரை அழைத்து, எல்லையறிந்த முதியவர் ஒருவரையும் அயலவரையும் உடன் நிறுத்தி அளப்பிக்க. வேண்டிய இடத்து மரணசாதன வழக்கை முடிப்பிக்க. பின்னர் உரித்தாளர் யாவரும் கூடிப் பிரிவினை உறுதி எழுதுக; ஒருவர் முழுவதையும் எடுத்து மற்றவர் பங்குக்குப் பணம் கொடுத்தலும் ஆகும். இம்முயற்சியில் ஈடுபட்டோர், பிறர் காணியை வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்விகள் அனைத்தையும் தம் காணியிலேயே கற்றுக்கொள்வர். இதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை.

இக்கருமத்துக்குக் காலம் நீடித்து இராது. கிழக்கெல்லையில் நின்றது புளியமரமா பூவரசா, இன்ன சகோதரிக்குச் சீதனம் எழுதியபோது எத்துண்டு விடப்பட்டது என்பனவற்றை அறிந்தோர் இன்று எழுபதும் எண்பதும் கடந்தோரே. பதிவேட்டில் இல்லாத பல அவர் நினைவில் உள; அவரோடு அவையும் போய்விடும். விழாவுக்காக ஊர் வரும் பழைய மாணவர், திரும்புமுன் ஒருநாளை இதற்கென ஒதுக்குவாராக. கல்லூரியிற் பயிலும் இளைஞர், வீட்டிலுள்ள உறுதியொன்றை எடுத்து அட்டவணையை ஒருமுறை வாசித்து, விளங்காத சொற்களைப் பாட்டனார் பாட்டியாரிடம் கேட்டெழுதுவாராக. அந்தக் குறிப்புப் புத்தகம் அவர் தேடும் முதற் காணிக்கு அடித்தளமாக அமையும்.